கோழிக்குஞ்சுகளுக்கு உண்டாகும் அம்மைப்பரு

விவசாய அன்பர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இம்மாதம் ஒரு சிறிய விஷயத்தைக் குறித்து விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். சிறிய விஷயம் என்றது, அது கோழிக்குஞ்சைப் பற்றியது என்பதனால்தான். நெல்லுக்கும் கரும்புக்கும் மரவள்ளிக்கும் வரும் நோய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், வாசலில் மேயும் கோழியைப் பெண்டுகளின் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கச்சிராயபாளையத்திற்கு மேற்கே மலையேறி வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களைச் சுற்றி வருவோர், சாமையும் தினையும் விளையும் புன்செய்க்கு அடுத்தபடியாக அக்குடிகளின் கைச்செலவுக்கு உதவுவது கோழியே என்பதைக் கண்கூடாகக் காணலாம். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும், திடீரென்று வந்த காய்ச்சலுக்கும், விருந்தாளிக்கும், குலதெய்வத்திற்கும் அந்த வீட்டில் எடுத்துக் கொடுப்பது அதுதான். அடிவாரத்துச் சங்கராபுரம், சின்னசேலம் பக்கங்களில் நிலமில்லாத கூலிக்குடும்பங்களின் நிலையும் இதுவே. அத்தகைய பொருள் அழிவதைச் சிறிய நஷ்டமென்று சொல்லுதல் பொருந்தாது.

கால்நடை வைத்தியம் என் துறையன்று. பயிர்த்தொழிலில் டிப்ளமா பெற்று, வயல்வெளிகளில் செயல்முறை காட்டி வருபவன் நான். ஆயினும் எந்த ஊருக்குப் போனாலும், விதையையும் எருவையும் பற்றிப் பேசி முடித்தபின், வீட்டுக்கார அம்மாள் ஒரு குஞ்சைக் கையில் ஏந்தி வந்து, "இதன் முகத்தில் என்னமோ முளைத்திருக்கிறது, பாருங்கள் ஐயா" என்று காட்டுவது பல வருஷங்களாக எனக்குப் பழகிப்போன காட்சி. அந்த முளைகளைப் பற்றிக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும், நானே கண்டதையும் கொண்டு என் அபிப்பிராயத்தை இங்கே சொல்லுகிறேன்.

முதலாவது, வியாதியை அறிந்துகொள்ளும் விதம். குஞ்சின் கண்ணிமை, அலகின் ஓரம், கொண்டை, தாடி முதலிய இறகில்லாத இடங்களில் ஆரம்பத்தில் வெளிறிய சிறு பொட்டுகள் தோன்றும். சில நாட்களில் அவை மஞ்சள் நிறமாகி, மிளகளவு பருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பின்பு காய்ந்து, உலர்ந்த கடுக்காயின் மேல்தோல் போலக் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். காலிலும், இறகு முளைக்காத வயிற்றுப் பக்கத்திலும் சில சமயம் காணும். மூன்று அல்லது நான்கு வாரங்களில் பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும். இது வெளியம்மை. இதனிலும் கொடியது தொண்டையம்மை. அதில் வாயினுள்ளும் தொண்டையிலும் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் படர்ந்து, குஞ்சு இரை விழுங்க மாட்டாமலும், மூச்சுவிடத் திணறி வாயைத் திறந்தபடியும் நிற்கும். வெளியம்மையில் பிழைப்பவை மிகுதி. தொண்டையம்மையில் இறப்பவை மிகுதி.

அம்மையல்லாதவற்றை அம்மையென்று மயங்குவதும் உண்டு. கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கரும்பழுப்பான புள்ளிகள் நெருக்கமாக ஒட்டியிருந்து, பூதக்கண்ணாடியால் பார்க்கையில் அவற்றிற்குக் கால்கள் தென்பட்டால், அது பருவன்று. தோலில் தலையைப் புதைத்து இரத்தம் குடிக்கும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி. ஒரே கோழிக்கு மட்டும் கொண்டையில் பொருக்கு இருந்து மற்றவை சுகமாயிருந்தால் அது சண்டையிலே கொத்துப்பட்ட காயமாயிருக்கலாம். அடைத்து வைத்து ஒரே விதமான தீனி போடும் குஞ்சுகளுக்கு அலகோரத்திலும் கண்ணிமையிலும் பொருக்குக் கட்டி, பாதமும் வெடித்திருந்தால், தீனியில் ஜீவசத்துக் குறைவென்று ஐயுற வேண்டும். முகம் வீங்கி, மூக்கில் துர்நாற்றமுள்ள சளி ஒழுகி, பரு ஒன்றும் இல்லையானால் அது சளிநோய். காலின் செதில்கள் மாத்திரம் தடித்துத் தூக்கி நின்றால் அது செதிலுக்கடியில் வாழும் நுண்ணிய உண்ணியின் வேலை. இவை ஒவ்வொன்றிற்கும் சிகிச்சை வேறு. இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கி, பல கோழிகள் ஓரிரு நாளில் திடீரென்று மடிந்தால் அது அம்மையன்று. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். செத்தவற்றை வெறுங்கையால் தொடாமலும், சந்தைக்குக் கொண்டுபோகாமலும், அன்றைக்கே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி, அம்மைப்பருவின் காரணம். இது கண்ணுக்குப் புலப்படாத ஒரு விஷக்கிருமியால், அதாவது வைரஸால், உண்டாவது. மனிதருக்கு வந்த பெரியம்மைக் கிருமியின் தூரத்து உறவென்று சொல்லலாம். ஆனால் கோழியின் அம்மை மனிதருக்கு ஒட்டாது. ஆகையால் பிள்ளைகள் தொட்டார்களே என்று அஞ்ச வேண்டுவதில்லை. இக்கிருமி கெட்டியான தோலைத் துளைத்துக்கொண்டு தானாகவே உள்ளே புகமாட்டாது. அதற்கு ஒரு வாசல் வேண்டும். கொத்துப்பட்ட காயம் ஒரு வாசல். கொசுக்கடி மற்றொரு வாசல். வியாதிக் கோழியைக் கடித்த கொசு, பல நாட்கள் வரையில் தன் வாயில் அக்கிருமியைத் தாங்கிச் சென்று, அடுத்த வீட்டுக் குஞ்சின் கண்ணிமையிலே கடித்துப் புகுத்திவிடும். உதிர்ந்த பொருக்கினுள்ளும் கிருமி பல மாதங்கள் சாகாமல் கிடக்கும். பஞ்சாரத்தின் இடுக்கிலும், கூண்டின் மூலையிலும், கோழி அடையும் கொம்பிலும் அது காத்திருக்கும். போன வருஷத்து வியாதி இந்த வருஷத்துக் குஞ்சுக்கு வருவதன் இரகசியம் இதுவே.

கோமுகி, மணிமுக்தா அணைகளின் பாசனத்தில் நெல்வயல் நிறைந்த ஊர்களில் கொசுவுக்குக் குறைவில்லை. மலைமேலும் வீட்டோரத்துக் குழிகளிலும், போட்டுவைத்த பானை ஓடுகளிலும், டிராக்டர் சக்கரம் பதிந்த தடங்களிலும் மழைநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. ஆகவே அம்மை எக்காலத்தும் வருமாயினும், கொசு மிகுந்த காலத்தில் மிகுந்து காணும் என்று எதிர்பார்த்து நடந்துகொள்வதே விவேகம்.

நிற்க. சில வருஷங்களுக்கு முன் அடிவாரத்துக் கிராமமொன்றில் நான் செய்த பிழையை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிலமுள்ள குடியானவர் ஒருவர் சிறுவிடைக் கோழிகளை நல்ல முறையில் வளர்த்து வந்தார். அவருடைய குஞ்சுகளுக்கு அம்மைத் தடுப்பு மருந்து குத்த வேண்டுமென்று நானே தூண்டி, மருத்துவரிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். குப்பியை உடைத்துக் கலக்கி, அவர் வீட்டிலிருந்த முப்பது சொச்சம் குஞ்சுகளுக்குக் குத்தியாயிற்று. மிச்சம் இருந்த மருந்து, இன்னும் எழுபது குஞ்சுகளுக்குப் போதுமானது, அன்றே கொளுத்தி அழிக்கப்பட்டது. எதிர்ச்சாரியில் குடியிருந்த ஒரு கிழவி வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் வீட்டில் குஞ்சு இருக்கிறதா பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை நான் அவ்வூருக்குச் சென்றபோது குடியானவரின் குஞ்சுகள் சுகமாக மேய்ந்துகொண்டிருந்தன. கிழவியின் தாய்க்கோழி பதினொரு குஞ்சுகளில் இரண்டை மாத்திரம் அழைத்துக்கொண்டு திரிந்தது. மற்றவை அம்மையின் விஷத்தால் செத்தன என்று சொல்லுவதற்கில்லை. பரு வந்து இரு கண்ணும் மூடிக்கொண்டதால் இரையைக் காணமாட்டாமல் பட்டினியால் சில செத்தன. காக்கையும் பருந்தும் கொண்டுபோனவை சில. கிழவி என்னைக் குறை கூறவில்லை. "அம்மன் போட்டது, அம்மன் எடுத்தது" என்று மட்டும் சொன்னார். கொளுத்திய மருந்தில் அவருடைய பதினொரு குஞ்சுகளுக்கும் பங்கு இருந்ததை நான் மாத்திரம் அறிவேன்.

என் அபிப்பிராயம் முழுவதும் இந்த நிகழ்ச்சியினுள் அடங்கியிருக்கிறது. கோழியம்மைக்குத் தடுப்பு மருந்து இல்லாமலில்லை. 1932ஆம் ஆண்டில் ஸீரம் நிலையமாகத் தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டை நிலையத்தில் கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளும் தயாராகின்றன. நாமக்கல் பக்கத்துப் பெரும் பண்ணைக்காரர்கள் குறித்த வயதில் தவறாமல் இதைக் குத்திவிடுகிறார்கள். நாட்டுக்கோழிக்கு மட்டும் இது ஏன் எட்டவில்லை? குடியானவரின் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது உண்மையன்று. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலுமோ மருந்து இருக்கிறது. கலக்கியபின் ஓரிரு மணி நேரத்திற்குள் உபயோகித்துவிட வேண்டும். அதுவரையில் பனிக்கட்டிப் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்திருக்கவும் வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் ஏழை வீட்டார் நூறு குஞ்சுக்கு மருந்து வாங்குவது எப்படி? அவர்களுக்காக ஒரு மருத்துவர் மலையேறி வருவது எப்படி? மருந்து பண்ணைக்கு ஏற்ற அளவில் அமைந்திருக்கிறது. நம்முடைய கோழிகளோ வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கின்றன. இச்சிதறலை ஒன்றுகூட்டுவதற்கு ஊர் ஒன்றினால்தான் ஆகும். தேரை ஒருவர் இழுக்க முடியாது. ஊர் கூடினால் ஒரு நாழிகை வேலை.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சலுக்கு அரசினர் இலவசமாக ஊசி போடுகிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அது இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கானது. இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்ற ஊரில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. நமது இராணிப்பேட்டைக்கும் அந்நோய்க்கும் பெயரொற்றுமையேயன்றி வேறு சம்பந்தமில்லை. ஒரு நோயின் ஊசி மற்றொரு நோயைத் தடுக்காது. அன்றியும் பிப்ரவரியில் ஊசி பெற்ற கோழி, சித்திரையிலும் ஆடியிலும் பொரிக்கும் குஞ்சுகளுக்கு அதனால் நிலையான காப்பு ஒன்றும் இல்லை.

ஆகையால் ஒவ்வொரு ஊராட்சியிலும் வருஷத்திற்கு இரண்டு நாட்களை அம்மை குத்தும் நாளாகக் குறித்துக்கொள்ள வேண்டுமென்பது என் கோரிக்கை. மே 1, ஆகஸ்ட் 15 ஆகிய தினங்களில் கிராமசபை கூடுகிறது. அப்போதே நாளைத் தீர்மானித்துவிடலாம். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் வீடுவாரியாகக் குஞ்சுகளின் தொகையை ஒரு தாளில் குறித்து, இத்தனை குஞ்சுகளுக்கு மருந்து வேண்டுமென்று கால்நடை மருந்தகத்திற்கு முன்னதாக எழுதிவிட வேண்டும். தொகை தெரிந்தால் குப்பி வீணாகாது. வீணாகாதென்று தெரிந்தால் மருத்துவரும் மனமுவந்து வருவார். நிலமுள்ளவர்கள் செய்ய வேண்டுவது, குப்பியின் விலையில் ஒரு பங்கு ஏற்பதும், தங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மருந்துக்கு இடம் கொடுப்பதுமாகும். வேலையை ஊரின் கோடியிலுள்ள குடியிருப்பிலிருந்து தொடங்குவது உத்தமம். பெரிய வீட்டிலிருந்து தொடங்கினால் மருந்து கோடிக்குப் போய்ச் சேருவதில்லை என்பது நான் நேரில் கண்டது. கொசுவுக்கு ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் பேதமில்லை. அங்கே விட்ட வியாதி இங்கே வந்தே தீரும்.

குத்தும் முறையும் எளியது. கோழிகளைக் காலையில் திறந்துவிடுவதற்கு முன் கூண்டிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் ஆன குஞ்சுகளே இதற்கு ஏற்றவை. அதனினும் இளையவற்றிற்கு வியாதி அபாயம் இருந்தால், புறா அம்மைக் கிருமியால் செய்த மிருதுவான மருந்து உண்டு. அதை மருத்துவர் தீர்மானிப்பார். 1796இல் ஜென்னர் என்பவர் மாட்டம்மையைக் கொண்டு மனிதரின் பெரியம்மையைத் தடுத்த யுக்தியே இது. இரட்டை முனையுள்ள ஊசியை மருந்தில் தோய்த்து, சிறகை விரித்து, எலும்பும் இரத்தக்குழாயும் இறகும் இல்லாத சவ்வுப் பகுதியில் ஒரே குத்தாகக் குத்த வேண்டும். ஏழு முதல் பத்து நாள் சென்றபின் அவ்விடத்தில் சிறு வீக்கமும் பொருக்கும் கண்டால் மருந்து பிடித்ததென்று பொருள். கையில் அம்மை குத்திக்கொண்ட தழும்புடைய முதியவர்களுக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. எதுவும் காணாவிட்டால் மருந்து வெயில்பட்டுக் கெட்டிருக்கலாம். மறுபடியும் குத்த வேண்டும். மீந்த மருந்தையும் காலிக் குப்பியையும் எரித்துவிட வேண்டும். முன்னமே நோயுற்றவற்றிற்குக் குத்துவதில் பயனில்லை. ஆனால் ஊரில் சிலவற்றிற்கே நோய் கண்டிருக்கும்போது மற்றவற்றிற்கு உடனே குத்துவது பலன் தரும்.

வியாதி வந்துவிட்டவற்றிற்கு என்ன செய்வது? கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பருவை நூலால் கட்டி அறுப்பதும், நகத்தால் பிய்ப்பதும், சூடு வைப்பதும் கூடாது. இரத்தம் கசிந்து புண் பெரிதாகும். பிய்த்த பொருக்கு வியாதியைப் பரப்பும். நோயுற்றவற்றைக் கொசு புகாத வலை போர்த்திய தனிப் பஞ்சாரத்தில் வைத்து, கண்ணில் ஒட்டியிருக்கும் அழுக்கை வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பருவின்மேல் தடவும் நம் வழக்கம் பொருக்கை இளக்குவதற்கு உதவும். கண்ணுக்குள் படாமல் தடவ வேண்டும். முக்கியமானது தீனி. கண் மூடிய குஞ்சுக்கு நாள்தோறும் மூன்று நான்கு முறை கூழையும் தண்ணீரையும் கையால் ஊட்ட வேண்டும். முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் நல்லது. பத்து நாள் இவ்விதம் ஊட்டினால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். பிழைத்தவற்றிற்கு இந்நோய் மறுபடி வருவது அரிது. புண்ணில் சீழ் பிடித்தாலோ தொண்டையில் படலம் கண்டாலோ மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத் தாமாகவே கொடுப்பது பணத்திற்கும் கேடு, பிற்காலத்திற்கும் கேடு. உதிர்ந்த பொருக்கையும் கூண்டுக் குப்பையையும் கொளுத்தி, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, அடையும் கொம்புகளை மாற்றிவிட வேண்டும்.

மற்றொரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பரு கண்டவுடன், சாவதற்குள் காசாக்கிவிடுவோம் என்று குஞ்சுகளைக் கூடையிலிட்டுத் தியாகதுருகம் முதலிய ஊர்களின் வாரச்சந்தைகளுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் இருக்கிறது. ஏழையின் அவசரத்தை நான் அறியாதவனல்லேன். ஆயினும் அந்தக் கூடையில் போவது குஞ்சு மாத்திரமன்று; பத்து ஊர்களுக்கான வியாதியும் அதனுடன் போகிறது. வாங்குகிறவர்களும் அலகோரத்தையும் கண்ணிமையையும் பார்த்து வாங்க வேண்டும். வாங்கிவந்த கோழியை இரண்டு வாரமாவது தனியே வைத்து, பரு எழவில்லையென்று கண்டபின் மற்றவற்றோடு விட வேண்டும். சந்தையை நடத்தும் ஊராட்சி அதிகாரிகள் வாசலிலேயே இதைச் சொல்லி நிறுத்துவதற்கு ஓர் அறிவிப்பு போதும்.

அம்மனின் பெயரால் வருவதை ஊசியால் தடுக்கலாமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. ஆடியில் கூழ் வார்ப்பதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, நானும் சொல்லவில்லை. மாரியம்மனை வணங்கிய ஊர்களிலேதான் மனிதர்களுக்கு அம்மை குத்துபவர் வீடுவீடாக நடந்து, அப்பெரியம்மை 1980இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாடுகளைக் கொள்ளைகொண்ட வெக்கை நோயும் அவ்விதமே 2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவை ஒழிந்தது ஒரு வீட்டுக்குக் குத்தி எதிர்வீட்டை விட்டுவிட்டதனாலன்று. கொசுவும் காட்டுப் பறவைகளும் உள்ளவரையில் கோழியம்மை அவ்வாறு அடியோடு ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். குஞ்சுகளின் சாவைப் பெரிதும் குறைத்துவிடலாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே அன்பர்களே, அடுத்த கிராமசபையில் சாலையையும் விளக்கையும் பற்றிப் பேசி முடித்தபின், ஐந்து நிமிஷம் கோழிக்குஞ்சுக்கு ஒதுக்குங்கள். எந்த வீட்டில் எத்தனை குஞ்சு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணக்கு எடுக்கையில் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருப்பவரையும் மறவாமல் கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் தவறவேண்டாமென்பதே என் வேண்டுகோள்.